பில் வாசிக்காத சாயங்காலங்கள்

ஜூன் 9, திங்கள்

கத்திரி முடிந்தும் வெயில் குறைந்தபாடில்லை. மாடியில் போட்ட வடகம் ஒரே பகலில் காய்ந்துவிட்டது. அது ஒன்றுதான் இந்த வெயிலால் கண்ட லாபம்.

செய்ய வேண்டியது: காஸ் புக் பண்ணணும். இவருக்கு பி.பி. மாத்திரை. கண் டாக்டர் (போன மாசமே போயிருக்கணும்). மே மாத பில் எல்லாம் இன்னும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை.

காலையில் ஒரகடம் கம்பெனியிலிருந்து போன். பர்ச்சேஸ் மேனேஜர். "மேடம், உங்க பில் எதுவுமே எங்க பக்கம் காட்டலை. நீங்க ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாதானே உங்ககிட்ட கட்டின வரியை நாங்க கழிச்சுக்க முடியும்? தொடர்ந்து மூணு மாசமா லேட். இந்த மாசமும் லேட்டுன்னா வேற வெண்டர் பாக்கச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்லை."

குரலில் கோபமே இல்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அந்தக் கம்பெனி போனால் எங்கள் திருமுடிவாக்கத்து ஷெட்டை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். மூன்று லேத், ஐந்து ஆள். வேலையில் முக்கால்வாசி அவர்கள் கொடுப்பது.

மத்தியானம் இவர் சாப்பிட வந்தபோது சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "போட்டுடலாம், விடு." யார் போடுவது? நான்தான். கல்யாணமான நாளிலிருந்து இவர் ஷெட்டுக்குச் சம்பளமில்லாத கிளார்க். கணக்குக்கு ஓர் ஆள் வைக்கலாம் என்றால், "எதுக்கு, நாமே பாத்துக்கலாம்." 'நாமே' என்றால் நான். சரியான கஞ்சம். எழுதிவிட்டேன், யார் படிக்கப் போகிறார்கள்.

ரசத்தில் உப்பு அதிகம். அவர் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக் கலந்துகொண்டார்.

ஜூன் 10, செவ்வாய்

லேட்டானதற்குக் காரணம் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் தினசரி காலண்டர். கணக்கை முடித்து ரிட்டர்ன் அனுப்பும் அந்தக் கடைசி பட்டனை நல்ல நேரம் பார்த்துத்தான் அமுக்குவேன். ராகு காலம், எமகண்டம் கூடாது. அஷ்டமி, நவமி கூடாது. கரிநாள் கூடாது. இவருக்குச் சந்திராஷ்டமம் என்றால் அந்தப் பக்கமே போவதில்லை. மூன்று மாசமாகக் கடைசித் தேதி வரும்போதெல்லாம் இதில் ஒன்று குறுக்கே. லேட் ஃபீ கட்டிவிட்டு, திருஷ்டி கழிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நம் லேட் அடுத்தவன் கழுத்தில் போய் விழும் என்று தோன்றவில்லை.

கேளம்பாக்கத்திலிருந்து நித்யா போன். எல்லாம் சொன்னேன். என் பெண் சிரித்த சிரிப்பு! "அம்மா, சந்திராஷ்டமத்துக்கெல்லாம் ஜிஎஸ்டியில கிரேஸ் டைம் கிடையாதும்மா." அப்புறம் சீரியஸாக, "போதும்மா. கண்ணு வேற தெரியலைங்கற. பார்ட் டைமா ஒரு ஆளைப் போடுங்க." அவள் ஃபிரெண்டு நடத்தும் டியூஷன் சென்டருக்கு ஒரு பெண் வந்து கணக்கு எழுதுகிறாளாம். பெயர் கோமதி. நம்பர் அனுப்பினாள்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் ஆரம்பித்தேன். சண்டையே வரவில்லை. "ஒரகடம் போயிடக் கூடாது. சரி, வெச்சுக்கலாம்." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மாசாமாசம் சம்பளம் கொடுக்க வேண்டுமே என்ற கவலை போல.

காஸ் புக் ஆச்சு. மாத்திரை மறந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் நாலு தூறல். மண் வாசனை வந்ததோடு சரி.

கோமதி வந்தாள். பெருங்களத்தூரிலிருந்து ஸ்கூட்டரில். முப்பத்தைந்து இருக்கும். படப்பையில் ஒரு ஸ்வீட் ஸ்டால், கேம்ப் ரோடில் பிளைவுட் கடை, ஒரு டிரைவிங் ஸ்கூல், எல்லாவற்றுக்கும் இவள்தான் கணக்காம். வாயும் கையும் ஒரே வேகம்.

கம்ப்யூட்டரைத் திறந்து பேங்க் கணக்கையும் பில்லையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு மாதிரி திரும்பினாள்.

"இன்னாக்கா இது, எல்லா பேமெண்ட்லயும் ஒரு ரூவா எக்ஸ்ட்ராவா நின்னுகினு கீது?"

"சைபர்ல முடியக் கூடாதும்மா. ஒண்ணு சேர்த்துத்தான் அனுப்புவேன்."

"மொய் எய்துறா மாரி எய்திகினு கீறீங்க! இரும்புக் கடைக்காரரு இன்னா உங்க வூட்டு மாப்ளயா?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். எத்தனை வருஷமாக அந்த ஒரு ரூபாயைத் தேடி, கணக்கு ஒத்து வரவில்லை என்று நானே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்! போட்டதும் நான், தேடினதும் நான்.

காலண்டர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அதற்குச் சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் அப்டித்தான். பட்டன நான் அமுக்குறேன், பாவம் என் தலைல வரட்டும், உடுக்கா."

அவள் போட்ட சட்டங்கள்:
பில் போட்ட உடனே ஷெட்டிலிருந்தே போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பணும்.
வீட்டுச் செலவு தனி, ஷெட் செலவு தனி. கலக்கக் கூடாது.
டீசல் சீட்டைச் சட்டைப் பையில் விட்டுத் துவைக்கக் கூடாது.
சும்மா சும்மா போன் பண்ணி ஆச்சா ஆச்சா என்று கேட்கக் கூடாது.

வாரத்தில் மூன்று நாள் வருவாள். காலையில் வந்து மத்தியானத்துக்குள் போய்விடுவாள். மே மாத பில் எல்லாம் இன்றைக்கே ஏறியாச்சு. வழக்கம்போல இவர் வாசிக்க நான் ஏற்றியிருந்தால் ஒரு வாரத்துச் சாயங்காலம் போயிருக்கும்.

ஜூன் 14, சனி

பீரோவின் கீழ்த்தட்டைக் காலி பண்ணினேன். பழைய பில் புத்தகங்கள். எட்டு வருஷத்துக்கு மேல் பழையது வேண்டாம், போடலாம் என்று கோமதி சொல்லிவிட்டாள். பேப்பர்காரரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளம் வந்த வருஷத்துப் புத்தகம் கையில் வந்தது. தாள் எல்லாம் இன்னும் அப்பளம் மாதிரி. அந்த வருஷம் முடிச்சூர் பக்கம் குடியிருந்தோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர். வீட்டில் எல்லாம் போச்சு. தண்ணீர் வடிந்ததும் இவர் முதலில் தேடினது பில் கட்டுகளை. மொட்டை மாடியில் கொடி கட்டி, துணி கிளிப் போட்டு ஒவ்வொரு பில்லாகக் காயப் போட்டோம். கரண்ட் வந்ததும் நான் ஒவ்வொன்றாக அயர்ன் பண்ண, அவர் நம்பர் பார்த்து அடுக்கினார். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ஊரே புடவைய காயப் போடுது, நீங்க இன்னா பேப்பர இஸ்திரி போட்டுகினு கீறீங்க?" அன்றைக்குச் சிரித்த மாதிரி அப்புறம் சிரித்தோமா, நினைவில்லை. வீடு முழுக்கச் சேறு, போட்டுக்கொள்ள மாற்றுத் துணி இல்லை, நாங்கள் சிரித்தோம்.

அதற்கும் முன்னால் இரும்புலியூரில் ஒற்றை ரூம். ரயில் போனால் சுவர் அதிரும். கம்ப்யூட்டர் ஏது? பாயில் உட்கார்ந்து, வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று தாளுக்கு நடுவில் கார்பன் வைத்து எழுதுவேன். நித்யா பக்கத்தில் தூங்குவாள். கார்பன் கையோடு தொட்டுத் தொட்டு அவள் கன்னத்தில் நீலம். கரண்ட் போனால் எமர்ஜென்சி லைட். இவர் ஒரு கையால் பில்லைப் பிடித்து வாசிப்பார், இன்னொரு கையால் பில் புத்தக அட்டையால் எனக்கு விசிறுவார். எனக்குத்தான், குழந்தைக்குக்கூட இல்லை.

அந்த விசிறல் எப்போது நின்றது? இன்வெர்ட்டர் வாங்கியதும்தான் என்று நினைக்கிறேன்.

தும்மல் நிற்கவில்லை. தூசி. ஆவி பிடிக்கணும்.

ஜூன் 16, திங்கள்

பேப்பர்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். இஸ்திரி போட்ட பில் கட்டை மட்டும் கொடுக்கவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல இவர் குளித்துவிட்டு வந்து டைனிங் டேபிளில் உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் நினைவு வந்திருக்கணும். பில் எல்லாம் காலையிலேயே போனில் கோமதிக்குப் போய்விட்டதே. கண்ணாடியைக் கழற்றி மடித்து டப்பாவில் வைத்தார்.

நான் எதிரில். காபி. ஃபேன் சத்தம்.

"நித்யா பேசினாளா?"

"ம். பேசினா."

"நல்லாருக்காளா?"

"ம்."

அவ்வளவுதான். டி.வி. போட்டார். ஏதோ ஒரு சேனலில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எங்கள் வீட்டில் யாராவது பேசட்டும் என்று நானும் அணைக்கவில்லை.

பில் வாசிக்கும்போது எப்படிப் பேசுவார்! "நம்பர் நாப்பத்தொண்ணு, புஷ், அறுபது பீஸ்... இந்த ஆள் இருக்கானே, பொண்ணுக்குக் கல்யாணமாம், மண்டபம் கிடைக்காம அலையறான். அடுத்தது எழுது, ஷாஃப்ட் பன்னெண்டு... இவன் பார்ட்னரோட சண்டை போட்டுகிட்டுத் தனியாப் போயிட்டான்." ஒவ்வொரு பில்லுக்கும் ஓர் ஆள், ஓர் ஆளுக்கு ஒரு கதை. திருமுடிவாக்கத்துக்கு நான் போவது ஆயுத பூஜைக்கு மட்டும். ஆனால் அந்த எஸ்டேட்டில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு அத்துப்படி.

எனக்குப் பயமாக இருக்கிறது. பில்லைத் தவிர எங்களுக்குள் பேச ஒன்றுமே இல்லையோ? பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். இனிமேல் வருஷக்கணக்காக இப்படியே ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதானா?

தோசை மாவு புளித்துவிட்டது. நாளைக்கு ஊத்தப்பம்.

ஜூன் 18, புதன்

கண் டாக்டர் ஆச்சு. மேற்குத் தாம்பரம் போய் வந்தேன். கண்ணாடி பவர் மாற்றம். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாமாம். கம்ப்யூட்டரை உற்றுப் பார்ப்பதைக் குறைக்கச் சொன்னார். "குறைச்சாச்சு டாக்டர், ஆள் போட்டாச்சு" என்றேன். பெருமையாகச் சொன்ன மாதிரி எனக்கே கேட்டது.

வரும்போது மார்க்கெட்: கத்திரிக்காய், முருங்கை, மல்லிப்பூ ஒரு முழம். அவசரமில்லாமல் நடந்தேன். வீட்டில் பில் காத்துக்கொண்டிருக்கவில்லை. இந்தச் சுகத்தை மறுக்க முடியாது.

கோமதி இன்றைக்கு இவர் கிளம்புமுன் பிடித்துவிட்டாள். "சார், படப்பை பார்ட்டிக்கு நீங்க கைக்காசு போட்டு வேல செஞ்சுகினு கீறீங்க, தெரியுமா?" அங்கே பீஸ் கொண்டுபோய்ப் போடும் டெம்போ வாடகையை எந்த வருஷமும் ரேட்டில் சேர்க்கவே இல்லையாம். நான் அதை 'இதர செலவு' என்று ஒரு மூலையில் போட்டு வந்திருக்கிறேன். பில் பில்லாகப் பார்த்தோமே தவிர, ஒரு பார்ட்டியின் கணக்கை முழுசாக யாரும் பார்க்கவில்லை. இவர் முகம் சுருங்கிப்போச்சு. மத்தியானமே படப்பைக்காரருக்குப் போன் பண்ணி ரேட் ஏற்றிக் கேட்டிருக்கிறார். அவர், "இத்தினி வருஷமா ஏன் கேக்காம இருந்தீங்கன்னுதான் நானும் நெனச்சேன், கதிர்வேல் சார்" என்றாராம்.

இதை இவர் என்னிடம் சொன்னது, செருப்பை விடும்போது, வாசலில், ஒரே வாக்கியத்தில். அப்புறம் டி.வி.

பூ வைத்திருந்தேன். கவனிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

நவமி. கடைசித் தேதியும் இன்றைக்குத்தான்.

கோமதி வந்தது பத்து மணிக்கு. சரிபார்த்து முடிக்கும்போது பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையில் ஆரம்பம். நவமி, ராகு காலம் இரண்டும் சேர்ந்து.

"பன்னெண்டு மணிக்கு மேல போடேம்மா" என்றேன்.

"அக்கா, கடைசி நாளு. இப்பவே ஜிஎஸ்டி சைட்டு சுத்துது. மத்தியானம் ஊரே வந்து உய்ந்துச்சுன்னா தொறக்காது." என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அமுக்கிவிட்டாள்.

நான் பூஜை ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன். வெளியே வந்தபோது, போயாச்சு என்று பச்சையாக எழுதியிருந்தது. வானம் இடிந்து விழவில்லை. வாட்டர் கேன்காரர் மட்டும் வந்தார்.

மூணு மணிக்கு ஒரகடம் மேனேஜருக்கு நானே போன் பண்ணினேன். "பாத்தேன் மேடம். எல்லாம் வந்துடுச்சு. அடுத்த மாச ஆர்டர் நாளைக்கு மெயில்ல வரும்." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இவருக்குச் சொன்னேன். போனில் மெஷின் சத்தம். "நல்லது. நல்லது." இரண்டு தடவை சொன்னார்.

பாயசம் வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். பேச்சு: பாயசத்தில் முந்திரி. அதோடு சரி.

ஜூன் 21, சனி

புழுக்கம். மழை வருகிற மாதிரி கறுத்து, பல்லாவரம் பக்கம் போய்விட்டது.

ஆடிட்டருக்குப் போன் பண்ணினேன். வருஷக் கணக்கு அவர்தானே பார்க்கிறார், இனிமேல் எதுவானாலும் கோமதியிடம் கேளுங்கள் என்று சொல்வதற்கு.

"அப்பாடா! கடைசியில ஒத்துக்கிட்டாரா உங்க வீட்டுக்காரர்? ஜிஎஸ்டி வந்தப்பவே சொன்னேன்மா. எங்க ஆபீஸ் பொண்ணை அனுப்பறேன், ஆறு மாசம் பணமே வேண்டாம், பழகிப் பாருங்கன்னேன். முடியவே முடியாதுன்னுட்டார்."

"ஆறு மாசம் கழிச்சு சம்பளம் கொடுக்கணுமேன்னு யோசிச்சிருப்பார் சார்."

"சம்பளமா? அதெல்லாம் இல்லைம்மா." சிரித்தார். "'அந்த வேலையும் போயிடுச்சுன்னா, நான் வீட்டுக்குப் போய் அவகிட்ட என்ன சார் பேசறது? எனக்கு வேற பேசத் தெரியாது'ன்னார். நான் தமாஷ்னு நெனச்சேன். ஆனா அவர் சிரிக்கலை."

அப்புறம் ஆடிட்டர் என்னென்னவோ சொன்னார். பான், ஆடிட், செப்டம்பர். ஒன்றும் காதில் ஏறவில்லை.

அடுப்படியில் நின்று அழுதேன். வெங்காயம்கூட நறுக்கவில்லை, சும்மா அழுதேன். கோபமும்தான். இதை என்னிடமே சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை வருஷம் இந்த மனுஷனைக் கஞ்சன் கஞ்சன் என்று திட்டியிருக்கிறேன். பேசத் தெரியாத மனுஷன், பேசுவதற்காகவே ஒரு வேலையை விடாமல் பிடித்துவைத்திருந்திருக்கிறார். ஒரகடம் போய்விடும் என்றதும் அதையும் விட்டுக் கொடுத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் சம்பளக் கவலை என்று நினைத்தேன்.

கேட்கலாமா? கேட்டால் கூசிப்போவார். இருந்த நாலு வார்த்தையும் நின்றுவிடும். கேட்கப் போவதில்லை.

ஜூன் 23, திங்கள்

நேற்று ஒன்றும் எழுதவில்லை. நித்யாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். பிரியாணி. வீடு கலகலப்பு. அவர்கள் போனதும் பழையபடி.

இன்று சாயங்காலம் இவர் ரிமோட்டைத் தேடினார். ரிமோட் என் மடியில். கொடுக்கவில்லை.

"இன்னிக்கு ஷெட்ல என்ன?"

"என்ன?"

"என்ன நடந்துச்சுன்னு கேக்கறேன்."

"ஒண்ணும் இல்லையே. பில் எல்லாம் அனுப்பிட்டேனே."

"பில்லைக் கேக்கலை."

ரொம்ப நேரம் டேபிள் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம்,

"மூணாம் நம்பர் லேத்ல ஒரு சத்தம் வருது."

"என்ன சத்தம்?"

"சத்தம்னா... எப்படிச் சொல்றது."

"பண்ணிக் காட்டுங்க."

ஜன்னல் பக்கம் பார்த்தார், பக்கத்து வீட்டில் யாராவது நிற்கிறார்களா என்று. தொண்டையைச் செருமிக்கொண்டார். அறுபதை நெருங்குகிற மனுஷன், "ங்ங்ங்ங்... டட்... ங்ங்ங்ங்... டட்" என்று உதட்டைக் குவித்துச் செய்து காட்டினார். கன்னம் அதிர்ந்தது. நான் சிரிக்கவில்லை. "டட் உடனே வருதா, விட்டு வருதா?" என்றேன். இவர் கண் பெரிசாச்சு. "விட்டு! விட்டுத்தான் வருது. ஸ்பீடு ஏத்தினா வரலை."

அப்புறம் நிறுத்தவில்லை. அதுதான் அவர் முதன்முதலில் வாங்கின லேத்தாம், செகண்ட் ஹேண்ட், வேலை பழகின இடத்திலிருந்தே வாங்கினது. விற்றுவிட்டுப் புதுசு வாங்கு என்று எல்லாரும் சொல்லிவிட்டார்களாம், மனசு வரவில்லையாம். அதில் கடைந்த முதல் பீஸ் கோணலாகப் போய் முதலாளியிடம் திட்டு வாங்கினதுகூட, அதாவது அப்போது அவருக்கு ஒரு முதலாளி இருந்ததுகூட, எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். பெயர்கூட வைத்திருக்கிறாராம் அந்த மெஷினுக்கு. என்ன பெயர் என்று கேட்டேன். சொல்லவில்லை. காது சிவந்தது.

"பசங்ககிட்ட சொன்னேன், அப்படி ஒரு சத்தமே இல்லைங்கறாங்க. எனக்கு மட்டும் கேக்குது. வயசாயிடுச்சோ என்னவோ." கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கு வந்து கேட்டுப் பாக்கறியா?"

ஆயுத பூஜை இல்லாத ஒரு நாளில் என்னை அங்கே கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

சாப்பாடு லேட். பரவாயில்லை.

ஜூன் 24, செவ்வாய்

லேசான மேகம். கோமதி வருகிற நாள் இல்லை. சாம்பார், பீன்ஸ் பொரியல், இரண்டு டிபன் கேரியர். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய் எத்தனை வருஷம் ஆச்சு! அவுட்டர் ரிங் ரோடில் காற்று முகத்தில் அடித்தது.

ஷெட்டில் எண்ணெய் வாசனை, இரும்புத் தூள். பையன்கள் எழுந்து, "வாங்கக்கா." ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். இவர் மற்ற இரண்டு மெஷினையும் நிறுத்தச் சொன்னார். மூணாம் நம்பரை மட்டும் போட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏன் என்று தெரியவில்லை, பக்கத்தில் போய் நின்று, குனிந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேட்டது. எனக்கும் கேட்டது.